இழுத்தால் நெடிலாகிவிடுமா?

தெருவுக்குத் தெரு ‘ஃபோனிக்ஸ்’ வகுப்பு வந்துவிட்டது. ஆங்கிலத்திலும் நம்மைப் போலவே குறில், நெடில் உண்டு என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். கப்பலுக்கு ‘ஷிப்’, ஆட்டுக்கு ‘ஷீப்’, கொஞ்சம் இழுத்தால் போதுமாம். பிள்ளைகளும் ஆடு கத்துவதுபோலவே இழுக்கிறார்கள். பெற்றோருக்கு ஆனந்தம், எனக்கு எரிச்சல்.

தமிழுக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண்ணிமைப்பையும் விரல்நொடிப்பையும் வைத்துத் தொல்காப்பியமே அளந்து கொடுத்துவிட்டது. ‘கல்’லை நீட்டினால் ‘கால்’. அதே அளவுகோலை ஆங்கிலத்தின்மேல் வைத்தால் என்ன ஆகும்? ‘கிட்’ குறில், ‘கைட்’ அதன் நெடில் என்கிறது ஃபோனிக்ஸ் புத்தகம். ‘கிட்’டை மூச்சுமுட்ட இழுத்துப் பாருங்கள், ‘கீட்’தான் வரும். பட்டம் பறக்காது.

ஒருகாலத்தில் ஆங்கிலத்திலும் இந்த ‘நெடில்’ உண்மையான நெடில்தான். கவிஞர் சாசர் காலத்து இங்கிலாந்தில் ‘டைம்’ ஏறக்குறைய ‘டீம’, ‘நேம்’ ஏறக்குறைய ‘நாம’. அதன்பின் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் நெடில்கள் எல்லாம் வாய்க்குள் இடம் பெயர்ந்தன. மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் ‘பெரும் உயிரொலிப் பெயர்ச்சி’ என்று பெயர் வைத்தார். ஒலி குடிபெயர்ந்த வீட்டில் ‘நெடில்’ என்ற பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிறது.

இந்தக் குழப்பத்தில் அகராதிக்கும் பங்குண்டு. 1917இல் வந்த டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி, கப்பலுக்கும் ஆட்டுக்கும் ஒரே குறியைப் போட்டு, ஆட்டுக்கு மட்டும் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தது. ஒலியே வேறு என்பது ஜோன்ஸுக்குத் தெரியும், குறிகளில் சிக்கனம் பார்த்தார். அதே அகராதியின் 1977ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் பதிப்பாசிரியர் கிம்சன் இரண்டுக்கும் தனித்தனிக் குறி கொடுத்தார். நம் வகுப்பறைகள் இன்னும் அந்தப் புள்ளிகளையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

உண்மையில் மாறுவது நாக்கு. ஆட்டின் ஈகாரத்துக்கு அது மேலேறும், உதடு விரியும். கப்பலின் இகரத்துக்குச் சற்றுக் கீழிறங்கித் தளர்ந்து, நம் எகரத்தின் பக்கம் சாயும். இதைச் சொல்லித்தர ஒரு கண்ணாடி போதும்.

‘இழுத்தால்தான் என்ன நஷ்டம்?’ என்று கேட்பார்கள். நஷ்டம் இருக்கிறது. இருக்கை, விதை இரண்டுக்கும் நாம் எழுதுவது ‘சீட்’. ஆங்கிலத்தில் முன்னதன் கடைசி மெய் ‘காட்டு’வில் வரும் டகரம்போல வல்லோசை, பின்னது ‘காடு’வில் வருவதுபோல மெல்லத் தொண்டை அதிரும் ஓசை. அதிரும் மெய்க்கு முன்னால் உயிர் நீளும், அதிராத மெய்க்கு முன்னால் சுருங்கும். இருக்கையின் ‘நெடில்’, விதையின் நெடிலில் ஏறக்குறையப் பாதியாகிறது. பொடியனைக் குறிக்கும் ‘கிட்’டின் குறிலுக்கும் அதற்கும் நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே பிறந்து வளர்ந்தவர் காது, கடைசி மெய் எது என்பதையே பெரும்பாலும் இந்த நீளத்தை வைத்துத்தான் கண்டுகொள்கிறது.

ஆகவே உட்கார இடம் கேட்கும் நம் பிள்ளை, வகுப்பில் படித்தபடி ‘சீ…ட்’ என்று இழுத்தால், எதிரே இருப்பவர் காதில் விதை விழ வாய்ப்புண்டு. இதற்குத்தான் மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம்.