டர்போ கார் வாங்கப் போகும் தம்பிகளுக்கு

பனியன் தொழிலில் நாலு காசு பார்த்ததும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இப்போது கேட்பது "பவர்" உள்ள சின்னக் கார். பழைய அபார்த் புன்டோவா, ஹூண்டாய் ஐ20 என் லைனா என்று என்னிடம் படித்தவர்களே கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் டர்போ என்றால் என்ன? வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுற்றும். அதே தண்டில் உள்ள இன்னொரு விசிறி காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். சின்ன இன்ஜின் பெரிய வேலை செய்யும். அவ்வளவுதான் ரகசியம்.

அபார்த் புன்டோ இத்தாலிய ரத்தம், புனே பக்கம் ரஞ்சன்காவில் தயாரானது. 2015இல் ஷோரூம் விலை 9.95 லட்சம். 1.4 லிட்டர், நாலு சிலிண்டர், 145 குதிரைத்திறன். என் லைன் கொரியக் கம்பெனி, நம்ம இருங்காட்டுக்கோட்டைத் தயாரிப்பு. 2021இல் ஆரம்ப விலை 9.84 லட்சம். 1 லிட்டர், மூணு சிலிண்டர், 120 குதிரைத்திறன்.

ஆறு வருடம் கழித்து, ஏறக்குறைய அதே காசுக்கு 25 குதிரைகள் குறைவு! இன்னொன்றும் கவனியுங்கள். என் லைனில் இருப்பது சாதாரண ஐ20 டர்போவின் அதே இன்ஜின். சஸ்பென்ஷனையும் சைலன்சரையும் மாற்றினார்கள். ஐரோப்பாவில் விற்ற நிஜமான ஐ20 என் காருக்கு 204 குதிரைத்திறன். ஆக, ஓட்டும் சுகத்தில் அபார்த்துக்கே என் மார்க்.

ஆனால் வாங்கச் சொல்வது என் லைனைத்தான். 2020இல் பி.எஸ்.6 விதி வருமுன்பே ஃபியட் இங்கே புன்டோ தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஒரு உதிரிபாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தால், ஷிப்மென்ட் நாளில் யார் வண்டியில் போவீர்கள்? அபார்த்தில் ரெண்டு ஏர்பேக். என் லைனில் 2023 முதல் ஆறு. தினமும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு 25 குதிரையைவிட அந்த நாலு ஏர்பேக் பெரிது.

அபார்த்தான் வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால், அதை இரண்டாவது வண்டியாக வையுங்கள். டர்போவையும் பிரேக்கையும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எந்தக் காரானாலும் ஒன்று. அவிநாசிபாளையம் நாலு ரோட்டில் கரூர் லாரியும் தாராபுரம் பஸ்ஸும் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களின் டூவீலரும் ஒன்றாகத் திரும்புகின்றன. வேகத்தைப் பார்க்க ஆசையா? கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயம் நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். அங்கே ஓட்டுகிறவன் ஹெல்மெட் போட்டிருப்பான், எதிரே யாரும் வரமாட்டார்கள்.

உங்கள் அனுபவத்தைக் கமெண்டில் சொல்லுங்கள், தம்பிகளா.