பனங்கையை விறகாக்காதீர்கள்

உசிலம்பட்டியிலிருந்து எழுமலை, பேரையூர் வரை பழைய ஓட்டு வீடுகளைப் பிரித்துத் தளம் போட்ட வீடு கட்டும் வேலை ஓயாமல் நடக்கிறது. பிரித்த பனங்கைகள் மாட்டுக் கொட்டகைக்கோ அடுப்புக்கோ போகின்றன. வில் செய்யும் நாம் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பனை முறியும், சிலாம்பு எழும், உளியைத் தின்னும் என்கிறோம். மூன்றும் உண்மைதான். ஆனாலும் பனையை ஒதுக்கியது தவறு என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

சமவெளியில் நமக்கு வேறு என்ன இருக்கிறது? வில்லுக்குப் பேர்போன சடச்சி மலைக்காட்டு மரம். சாப்டூர் மலைக்காடு 2021-இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே கத்தி வைக்கும் நினைப்பே கூடாது. கருவேலில் ஆள் உயரத்துக்கு நேரான துண்டு கிடைப்பது அரிது. மூங்கிலில் எல்லோரும் செய்கிறோம்.

பனைவில் புதிதல்ல. அர்த்தசாஸ்திரம் படைக்கலச் சாலையைப் பற்றிப் பேசும் இடத்தில் வில்லுக்கான பொருள்களில் பனையைத்தான் முதலில் சொல்கிறது. மூங்கிலும் பிற மரங்களும் கொம்பும் அதன் பிறகே வருகின்றன. நாணுக்கு எருக்கு நார், சணப்பு, மூங்கில் எல்லாம் அங்கே உண்டு. அமேசான் காட்டு யனோமாமி மக்கள் இன்றும் பனைக் குடும்பத்து மரத்தில்தான் ஆளைவிட உயரமான வில் செய்கிறார்கள். பப்புவா நியூகினியில் கரும்பனை வில்லுக்கு மூங்கில் பட்டையை நாணாகக் கட்டுகிறார்கள். நம் பக்கத்திலேயே, நெல்லை, குமரி வில்லிசைக் கலைஞர்களின் பனைவில் கோயில் கொடையில் மணிக்கணக்காக நாணேறி நிற்கிறது. அது எய்யும் வில் அல்லதான். ஆனால் அத்தனை நேரம் வளைந்தபடி நிற்பது எந்த மரத்துக்கும் லேசான வேலை இல்லை.

நாம் தோற்பதற்குக் காரணம், யூ மரத்துக்கும் ஓசேஜ் ஆரஞ்சுக்கும் எழுதிய முறையைப் பனை மேல் ஏற்றுவதுதான். அந்த மரங்களில் ஒரே ஆண்டு வளையத்தைப் பிடித்து வில்லின் வெளிமுகத்தைச் சீவிக்கொண்டு போகலாம். பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது. கருத்த நார்க்கற்றைகள் பட்டைப் பக்கம் நெருங்கியும், நடுவே போகப் போக மென்மையான சோற்றுக்குள் சிதறியும் நிற்கின்றன. மரத்தின் அடிப்பாகத்தில் வைரம் கனமாகவும் நுனியில் மெல்லியதாகவும் இருக்கும். ஆகவே பட்டைப் பக்கம்தான் வெளிமுகம், இதில் பேச்சுக்கே இடமில்லை. உள்முகத்தில் சோறு ஒரு நூல்கூட மிஞ்சக் கூடாது. இழுக்கும்போது உள்முகம் அமுங்குகிறது; அங்கே சோறு இருந்தால் முதலில் நொறுங்குவது அதுதான். பனைவில் முறிந்தது என்று நாம் சொல்லும் பல இடங்களில் முறிவு உள்முகத்தில் தொடங்கியிருக்கும். பழியை வெளிமுகத்துச் சிலாம்பு ஏற்கிறது.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வில்லாளியின் உயரத்துக்குக் குறையாத வில்லே பனைக்குப் பொருந்தும். ஆப்பு வைத்துப் பிளந்த கையில் நார் தன் போக்கில் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், அந்தப் போக்கை ரம்பத்தால் அறுத்துவிடாதீர்கள். நாரோடு மணல்சத்தும் கலந்திருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், இழைப்புளி நாரைப் பிய்த்துவிடும். வாச்சியால் சோற்றைச் செதுக்கி எடுத்த பிறகு அரமும் உடைந்த கண்ணாடித் துண்டும் போதும். வெளிமுகத்தில் மெல்லிய பருத்தித் துணியை ஒட்டினால் சிலாம்பு எழாது. வளைவு பழக்கும்போது கப்பியும் கயிறும் வைத்து எட்ட நின்று இழுங்கள், கண்ணாடி அணியுங்கள். பனை முறிந்தால் ஊசி ஊசியாகத் தெறிக்கும்.

பழைய கையில் தேட வேண்டியது ஆணிப் புழை. வரிச்சல் அடித்த இடமெல்லாம் நார் அறுந்திருக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, தவிர்க்க முடியாத புழை பிடிக்குள் விழும்படி துண்டை நறுக்குங்கள். வண்டு அரித்த கையைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நிற்கும் மரத்தை வெட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம். நம் பாட்டன்மார் வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்துத்தான் வீட்டுக்கு வெட்டினார்கள். அது கூரைக்கடியில் ஒரு தலைமுறைக் காலம் காய்ந்தும் இருக்கிறது. இன்று வெட்டிய பச்சை மரம் அந்தப் பக்குவத்துக்கு வர எத்தனை காலம் காத்திருப்பது?

அடுத்த இதழிலிருந்து பனைவில்லுக்குத் தனிப்பகுதி வருகிறது. முறிந்த வில்லையும் எழுதி அனுப்புங்கள்: மரத்தின் அடியா நுனியா, முறிவு எந்த முகத்தில் தொடங்கியது, எவ்வளவு இழுத்தபோது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வில் எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.