காக்கை நனைந்த கதை

புனேயில் வளரும் பிள்ளை தமிழ் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும், பால்வாடிக்குப் போன கொஞ்ச நாளில் மராத்திக் காக்கை குருவி கதையோடு வீடு திரும்பும். காக்கைக்குச் சாணியில் வீடு, குருவிக்கு மெழுகில். பெருமழையில் சாணி வீடு கரைந்துபோக, காக்கை போய்க் குருவியின் கதவைத் தட்டுகிறது. பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன், இரு என்கிறது குருவி. பிறகு துவட்ட வேண்டும், சட்டை போட வேண்டும், மை இட வேண்டும். காக்கை நின்றுகொண்டே இருக்கிறது.

இந்தக் கதையைக் கொடுத்து, ஆளுக்கொரு கோட்பாட்டின் வழியே வாசித்துத் தாருங்கள் என்று நண்பர்களிடம் கேட்டிருந்தோம். வின்னி த பூ கதையை வைத்து ஃபிரெடரிக் க்ரூஸ் 1963இல் செய்த வேலைதான். அவர் விமர்சகர்களைப் பகடி செய்யச் செய்தார். நம்மவர்களுக்குப் பகடி வராது.

மார்க்சியர் மெழுகின் விலையைப் பார்த்தார். பெண்ணியக் கட்டுரை, கதவுக்கு உள்ளே ஓயாமல் உழைப்பவள் ஒருத்தி, வெளியே நின்று இடம் கேட்பவன் ஆண் என்று தொடங்குகிறது; அதைச் சுலபமாகத் தள்ள முடியாது. அமைப்பியல்காரர் உள்–வெளி, ஈரம்–உலர்வு என்று கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார். தமிழவன் 1982இல் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ எழுதியதிலிருந்து நாம் போட்டுவரும் கட்டம்தான். உளப்பகுப்பாய்வாளருக்குக் கதவு என்ற ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

என்னை உலுக்கியது தலித் வாசிப்பு. கறுப்பு நிறம், சாணி, வாசலோடு நிறுத்தப்படுதல் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ரசம், அழகு என்ற பழைய அளவுகோல்கள் தலித் எழுத்துக்குப் போதாது என்று சரண்குமார் லிம்பாளே 1996இல் மராத்தியில் தனி நூலே எழுதினார். குழந்தைக் கதைக்கும் அவை போதவில்லை.

ஆனால் எல்லாருமே கதைக்கு ஒரே ஒரு பிரதி இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃபிரியரின் மகள் மேரி, தந்தையோடு தக்காணச் சுற்றுப்பயணம் போனபோது, ஆயா அன்னா லிபராட்டா டி சூசாவிடம் கேட்டெழுதிய கதைகள் 1868இல் ‘ஓல்டு டெக்கன் டேஸ்’ என்ற நூலாயின. இந்தக் கதையும் அதில் இருக்கிறது. தலைப்பே தன்னலக்காரக் குருவி, வீடிழந்த காக்கைகள் என்று போகிறது. அங்கே காக்கை ஒன்றல்ல, ஜோடி. குருவி சமைக்கிறது, சாப்பிடுகிறது, பிள்ளைகளைப் படுக்க வைக்கிறது, பிறகுதான் காக்கைகளை உள்ளே விடுகிறது. குருவி தூங்கியதும், இத்தனை நேரம் மழையில் நிறுத்தியதற்குப் பழிவாங்க இரண்டும் முடிவு செய்கின்றன. மறுநாளைக்கென்று குருவி சமைத்து வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பறந்துவிடுகின்றன. இன்று வீடுகளில் சொல்லும்போது நாம் குருவியின் பக்கம் நின்று கேட்கிறோம். பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா காக்கையின் பக்கம் நின்று சொன்னார். அவர் பிழைப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பது என் ஊகம்தான். தலைப்பு மேரியுடையதாகவும் இருக்கலாம். என்றாலும் பழிவாங்கிய காக்கைகளை மறைத்துவிட்டு இந்தக் கதையை வாசிக்க இனி என்னால் ஆகாது.

இன்னொன்று. குருவியின் சாக்குகள் எத்தனை? மராத்தித் தாய்மார்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஊட்டும் கிண்ணத்தில் வரண்–பாத், அதாவது பருப்புச் சோறு, எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. பிள்ளை வாயை மூடிக்கொண்டால் குருவிக்குஞ்சுக்கு இன்னொரு முறை தலை சீவ வேண்டியதுதான். கடைசிக் கவளம் இறங்கியதும் கதவு திறந்துவிடும். கட்டம் போட்ட நண்பர் இந்த அடுக்கைத்தான் கதையின் ஆழ்அமைப்பு என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஊட்டிய கை எந்தக் கட்டுரையிலும் இல்லை.

கட்டுரைகளை வந்தபடியே அச்சிட்டிருக்கிறோம், சண்டை போடத்தான். கட்கியிலும் தேகு ரோட்டிலும் தலைமுறைகளாக இருக்கும் தமிழ் வீடுகளில் இந்தக் கதை எப்படி முடிகிறது என்பதை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். யார் சொன்னது, எந்த வேளையில், கேட்ட பிள்ளைக்கு என்ன வயது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். கோட்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.