மண்டையில் விழுந்த அடி

2020 டிசம்பர் 4-ந் தேதி கான்பெராவில் ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டைத் தாக்கியது. மனிதர் ஓவர் முடியும்வரை ஆடினார். பிறகு அவருக்குப் பதில் சாஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்ததும் ‘சூழ்ச்சி!’ என்று ஒரே கூச்சல். மாற்றியதா குற்றம்? சோதிக்காமல் ஆடவிட்டதல்லவா குற்றம்!

திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் டி.என்.பி.எல். ஆட்டம் என்றால் டாக்டராவது இருப்பார். கிராமத்துக் கபடிக் களத்தில்? மண்டையோடு மண்டை மோதி விழுந்த பையனின் முகத்தில் தண்ணீர் தெளித்து, “ஒண்ணுமில்லையேடா?” என்பார்கள். அடிபட்ட மூளையையே சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது வேறென்ன சொல்லும்? அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. அதுதான் வைத்திய விதி. அப்புறம் படிப்படியாக, படிக்கு ஒரு நாளாவது விட்டு. மோதல் ஆட்டத்துக்கு முன் டாக்டரின் அனுமதி. முதல் அடி ஆறுமுன் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம்.

பரிசுத் தொகையைக் கொட்டை எழுத்தில் நோட்டீஸ் போடும் விழாக் கமிட்டியார், ‘தலையில் அடிபட்டவன் அன்று ஆடக் கூடாது’ என்ற வரியையும் சேர்க்கட்டும். அச்சுக்கூலி ஒன்றும் ஏறிவிடாது.