மாலை போட்ட கால்கள்



தை பிறந்துவிட்டால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி கால்வலியைப் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறை வந்ததில் இரண்டைத் தனியே எடுத்து வைத்தேன். ஒன்று தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர் எழுதியது. பழனிக்கு மாலை போட்டிருக்கிறார். வலது முழங்காலில் வீக்கம். "நடக்கலாமா, கூடாதா? நீங்கள் நாலு டாக்டரைத் தெரிந்தவர்கள்தானே, கேட்டுச் சொல்லுங்கள்" என்கிறார். மற்றது மதுரை இளைஞர் ஒருவருடையது. அடுத்த மாதம் மாரத்தான் ஓடப் பணம் கட்டியிருக்கிறார். அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போன இடத்தில், தினமும் விடியற்காலை ஏரியைச் சுற்றி ஓடிப் பயிற்சி எடுத்திருக்கிறார். இறங்கி வந்ததிலிருந்து கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒரே இடத்தில் வலி. "விட்டுவிடவும் மனசில்லை, ஓடவும் பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

ஒருவர் முருகனுக்காக நடக்கிறார், மற்றவர் தனக்காக ஓடுகிறார். ஆனால் இருவரும் கேட்பது ஒன்றைத்தான்: அடிபட்ட காலோடு எதுவரை போகலாம்? இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

ஆச்சி போகும் வழியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி சேரும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் யாத்திரை. போனவர்கள் பஸ் ஏறி வீடு திரும்புவதில்லை, வந்த வழியே நடந்தே திரும்புகிறார்கள். சேலம் மாவட்டத்து எடப்பாடிக்காரர்கள் தைப்பூசம் முடிந்தபின் காவடியோடு வந்து, மலைமேல் தாங்களே பஞ்சாமிர்தம் பிசைந்து, அங்கேயே இரவு தங்குகிறார்கள். இவர்களைத் தவிர, சொந்தக்காரர்களும் தெருக்காரர்களுமாகச் சேர்ந்து, சமையல் சாமான் ஏற்றிய லோடு ஆட்டோ பின்னால் வர, நடந்துவரும் குழுக்களுக்குக் கணக்கே இல்லை. 2021 முதல் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை கிடைத்தபின், லீவு போட முடியாமல் இருந்த இளைஞர்கள் கடைசி இரண்டு நாள் நடைக்காவது வந்து சேர்ந்துகொள்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரும்பாலான கால்கள் பழுதாவது இந்த நீட்டத்தில்தான்.

ஒட்டன்சத்திரம் தாண்டி, சாலையோரத்தில் பந்தல் போட்டிருந்த ஒரு மருத்துவ முகாமில் சென்ற பூசத்துக்கு முந்தைய நாள் உட்கார்ந்திருந்தேன். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, அப்படியொரு காலை. இடப்பக்கம் கொடைக்கானல் மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பச்சை வேட்டி, தோளில் காவடி, நொண்டிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். செவிலியர் அவர் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்தார். உள்ளங்கால் முழுக்கத் தார் ஏறிய கறுப்பு. பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு கொப்புளம், அதற்குள் ஒரு கறுப்பு நூல். யாரோ ஊசியில் நூல் கோத்து நீரை வடித்துவிட்டு, நூலை உள்ளேயே விட்டிருந்தார்கள். நம் ஊரில் பலர் இன்னும் செய்கிற வைத்தியம்தான். செவிலியர் அந்த நூலை உருவி எடுத்தபோது சீழ் வந்தது. சாலை அழுக்கு உள்ளே போவதற்கு அந்த நூல்தான் வழி போட்டுக் கொடுத்திருக்கிறது.

கொப்புளத்தைக் கழுவிக் கட்டுப் போட்டதும் அவர் எழுந்துவிட்டார். செவிலியர் விடவில்லை. "நீங்க நொண்டுறது இதுக்காக இல்லையே" என்று சொல்லி, முழங்காலிலிருந்து கீழாக, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் ஓரோர் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அந்த மனிதர் துள்ளிவிட்டார். "ராத்திரி படுத்திருக்கிறப்பவும் வலிக்குதா?" ஆமாம் என்றார். "அப்படின்னா இன்னைக்கு நடக்கக் கூடாது." அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன், இன்னும் ஒரு நாள்தானே என்று கெஞ்சினார். கடைசியில் குழுவின் குருசாமிதான் வந்து பேசினார். காவடியை வாங்கி அவர் மச்சான் தோளில் வைத்தார். "முருகன் ஓடியா போகப்போறான்? வண்டியில ஏறு" என்றார்.

மதுரைத் தம்பிக்கும் அந்தச் செவிலியர் கேட்ட கேள்விதான் பதில். வலி எல்லாம் ஒரே சாதி இல்லை. தொடையிலும் ஆடுதசையிலும் பரவலாக வருகிற வலி, மறுநாள் விறைத்து, இரண்டு மூன்று நாளில் தணிகிற வலி, பழகாத தசையின் வலி. அதோடு மெதுவாக நடக்கலாம். எனக்கே குதிகாலில் ஒன்று உண்டு. காலையில் கட்டிலிலிருந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகும், பத்தடி நடந்தால் மட்டுப்படும். பாதத்தின் அடியில் குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் சவ்வு நொந்துபோனதால் வருவது. ஆடுதசையை இழுத்துவிடும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, தூரத்தைக் குறைப்பது என்று அதைச் சமாளிக்கலாம்.

எலும்பில் விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் சுரீரென்கிற வலி வேறு. நடக்க நடக்கக் கூடி, ஓய்வெடுத்தாலும் விடாமல் இரவில் எழுப்புகிற வலி அது. எலும்பில் மயிரிழை அளவு விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் கூடத் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற ஒரு வரியை நம்பி ஓடிவிடாதீர்கள், தம்பி. அந்த நேரத்தில் நிறுத்தினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் கூடிவிடும். மேலும் ஓடி முழுதாக முறித்துக்கொண்டால் மாதக்கணக்கில் கட்டில்தான்.

கொடைக்கானலில் ஓடியதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் கரை கட்டி உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றிச் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்குதான். மூச்சில் போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். மதுரையில் ஓடும் வேகத்தில் அங்கே முதல் நாளே ஓடினால் இளைத்துப்போவோம். இளைத்தவன் கால் வைக்கும் விதம் மாறும், எலும்பு மேல் அடி கூடுதலாக விழும். டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி பூக்கும் ஊர் அது. உடம்பைச் சூடேற்றாமல் போர்வையிலிருந்து எழுந்து நேராக ஓடக் கூடாது. சிலர் மலைச்சாலையில் இறங்கு ஓட்டமும் ஓடுகிறார்கள். மூச்சுக்கு அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இறக்கத்தில் உடம்பு முன்னால் சரிந்துபோகாமல் தொடைத் தசைதான் நீண்டுகொண்டே பிடித்து நிறுத்த வேண்டும், ஒவ்வோர் அடியும் பிரேக் போடுவது மாதிரி. முழங்கால்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பகை.

இந்த உயரத்தைச் சொன்னதும் எனக்கு 1968 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு ஒலிம்பிக் நடந்த மெக்ஸிகோ நகரம் 2,240 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம் கொடைக்கானல்தான். மாரத்தானில் டான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி பாதி தூரத்துக்கு முன்பே கீழே விழுந்ததில் அவர் முழங்கால் விலகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினார். முதல் வீரர் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகி, இருட்டிய மைதானத்துக்குள் கடைசி ஆளாக நொண்டிக்கொண்டே நுழைந்தார். உலகம் முழுக்க அந்தப் படத்தைப் போட்டுப் போட்டு இன்றும் கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் அதே ஓட்டத்தில் அபெபே பிகிலாவும் இருந்தார். எத்தியோப்பியக்காரர். 1960இல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கியவர். 1964இல் டோக்கியோவுக்கு ஐந்து வாரம் முன்பு குடல்வால் அறுவை செய்துகொண்டு, அப்படியும் உலகச் சாதனையோடு வென்றவர். வலியைக் கண்டு பயந்தவர் என்று அவரை யாராலும் சொல்ல முடியாது. அந்த பிகிலா, காலில் அடியோடு மெக்ஸிகோவில் ஓடத் தொடங்கி, 17 கிலோமீட்டர் வாக்கில் ஓட்டத்தை விட்டு விலகினார். அவர் நாட்டுக்காரர் மாமோ வோல்டே ஓடி அந்தத் தங்கத்தை வென்றார். பிகிலா விலகிய அந்த இடத்தின் படத்தை யாரும் சுவரில் மாட்டி வைப்பதில்லை. மாட்ட வேண்டும் என்பது என் கட்சி. முடித்தவர்களை மட்டுமே பெரிதாகப் போட்டுப் போட்டு, நிறுத்துவது கேவலம் என்ற எண்ணத்தைப் பத்திரிகைகளாகிய நாங்களும் வளர்த்துவிட்டோம். முகாமில் அந்த மனிதர் முகம் கறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி ஆச்சிக்கு. வீக்கம் இருக்கிறது என்கிறீர்கள். வீங்கிய முழங்காலோடு குன்றக்குடியிலிருந்து நடக்க வேண்டாம். முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால், ஒட்டன்சத்திரம் வரை குழுவோடு வண்டியில் வாருங்கள். அங்கிருந்து பழனி சுமார் 30 கிலோமீட்டர். அதையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. சத்திரப்பட்டியில் ஓர் இரவு, ஆயக்குடியில் ஒரு பொழுது என்று பிரித்துக்கொள்ளுங்கள். யாத்திரிகர்களுக்கென்று சாலையோரம் தளம் போட்ட நடைபாதை இருக்கிறது, அதை விட்டு இறங்காதீர்கள். இருட்டில் நடந்தால் ஒளி திருப்பும் பட்டை முதுகில் இருக்கட்டும். வலியைவிட லாரி பெரிய ஆபத்து.

மலையடிவாரத்திலிருந்து மேலே 693 படி. ஏறிவிடலாம் என்றுதான் தோன்றும், இறங்கும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது, 2004 முதல் ரோப் காரும் இருக்கிறது. காற்று பலமாக வீசினால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள், விஞ்சில் வரிசை நீளமாக இருக்கும். அதையும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை தூரம் வந்து விஞ்சில் ஏறுவதா என்று உடன் வருபவர்கள் சொன்னால், ஆசிரியர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணித்தது. மாலை போட்டவர்களிலும் எத்தனையோ பேர் இருப்பார்கள். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்வு குறைந்துபோகும். முள் குத்தினாலும் தெரியாது, நண்பகல் தார் ரோடு சுட்டாலும் தெரியாது. மற்றவர்களுக்கு வலி என்கிற காவல்காரன் இருக்கிறான், இவர்களுக்கு அவனும் இல்லை. வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் செருப்போ காலுறையோ போட்டுக்கொண்டு நடங்கள். ஒவ்வொரு தங்கலிலும் உள்ளங்காலை வெளிச்சத்தில் காட்டி இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரில் கால் வைக்கும் முன் மற்றொருவர் கைவிட்டுச் சூடு பார்க்க வேண்டும். கொப்புளத்தில் நீங்களாக ஊசி வைக்கவே கூடாது.

மற்றவர்களும் சிறு கொப்புளத்தை உடைக்காமல் பிளாஸ்திரி போட்டு விட்டுவிடலாம். பெரிதாகி நடக்க விடாமல் செய்தால், முகாமில் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மருந்து வைத்துக் கட்டுவார்கள். அந்தத் தோல்தான் அடிப்புண்ணுக்கு மூடி.

வலி மாத்திரை விஷயத்தில் கடுமையாகவே சொல்கிறேன். பை நிறைய வைத்துக்கொண்டு மூன்று வேளையும் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், ஓட்டக்காரர்களும் அப்படியே. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை, வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தை அடிக்கும். போதாததற்கு வலியை மறைத்து, நிறுத்த வேண்டிய காலை ஓட வைத்துவிடும். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடியுங்கள், மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து பழனி வரை சாலையோரம் குடியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோறும் மோரும் சுண்டலும் நீங்கள் வயிறாரப் போடுகிறீர்கள். அதில் குறையே இல்லை. இந்த முறை கூடுதலாக, வாசலில் முதுகு சாய்த்து உட்கார நாலு நாற்காலியும், கால் கழுவ ஒரு வாளி சுத்தமான தண்ணீரும், அருகில் எந்த இடத்தில் மருத்துவ முகாம் இருக்கிறது என்று எழுதிய ஓர் அட்டையும் வையுங்கள். நொண்டிக்கொண்டு வருபவரைப் பார்த்தால், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லாமல், "உட்காருங்க, காலைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

மதுரைத் தம்பி, நீங்கள் கட்டிய பணத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளர்களுக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. முடிவு என்னவென்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்