சக்கரத்தில் வேண்டாம் சிக்கனம்

இலண்டன் மாநகரில் வாழும் எம்மவருக்கு மோட்டார் வாகனம் ஓர் ஆடம்பரப் பொருளன்று. தஞ்ச வழக்கு முடிந்து வேலை செய்யும் உரிமை கிடைத்தவுடன் பலரும் முதலில் தேடுவது ஒரு பழைய காரைத்தான். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடிந்து பஸ் இல்லாத நேரத்தில் வீடு திரும்பவும், மினிகாப் ஓட்டிப் பிழைக்கவும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் அது வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 முதல் புகைக் கட்டண வலயம் இலண்டன் முழுவதற்கும் விரிக்கப்பட்டதால், விதிக்கு அமையாத வாகனத்தை விற்றுவிட்டு, கையிலிருந்த பணத்துக்கு ஏற்ற இன்னொரு பழைய வாகனத்தை வாங்கிய குடும்பங்களும் உண்டு. இவ்வாறு வாங்கியதைப் பராமரிக்கும் வேளையில்தான் மலிவு உதிரிப்பாகங்களும் மலிவுக் கருவிகளும் எம்மை ஈர்க்கின்றன.

இந்த ஈர்ப்புக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டன. சில துளி பெற்றோலை உள்ளே பீச்சி இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கைவண்ணம் எம்மவருடையது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டவர்களும் நாம்தான். கழித்துப்போட்ட ஒன்றிலிருந்து கழற்றியதை இன்னொன்றில் பொருத்தி, ஓஸ்ரின், மொறிஸ் கார்களைப் பல பத்தாண்டுகள் ஓடவைத்த திறமையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் அது இல்லாமையின் காலத்துச் சிக்கனம். அன்று வாங்குவதற்குப் பொருள் இருக்கவில்லை. குண்டும் குழியுமான வீதியில் வாகனங்கள் ஊர்ந்தே சென்றன. இங்கோ மணிக்கு 70 மைல் வேகத்தில் எம்-25 பெருஞ்சாலையில் செல்கிறோம். அந்த வேகத்தில் ஒரு கார் நிற்பதற்கு 96 மீற்றர் தூரம் வேண்டும் என்று பிரித்தானிய வீதி ஒழுங்கு நூல் கூறுகிறது. நல்ல ரயரும் நல்ல பிறேக்கும் உள்ள காருக்கே இந்தக் கணக்கு. எனவே எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் பிடிக்கலாகாது என்று பிரித்தறிய வேண்டிய கடமை எமக்கு உண்டு.

முதலில் ரயரை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே பாவித்த ரயர்களைக் குறைந்த விலைக்குப் பொருத்தித் தரும் கடைகள் இலண்டனின் பல பகுதிகளிலும் உள்ளன. அவற்றை விற்பது சட்டவிரோதமன்று. ஆனால் 1994 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி அத்தகைய ரயரில் குறைந்தது 2 மில்லிமீற்றர் தவாளிப்பு இருக்க வேண்டும்; வீக்கமோ ஆழமான வெட்டோ இருத்தலாகாது; பாவித்தது என்ற முத்திரையும் அதில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாத ரயரை விற்பவர் அதை முறையாகச் சோதித்திருப்பார் என்று நம்ப இடமில்லை.

மலிவு என்பதும் மயக்கமே. புதிய ரயரின் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர், அது 1.6 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் சட்டப்படி அகற்ற வேண்டும். அதாவது 6.4 மில்லிமீற்றர் எமக்குப் பயன்படும். 3 மில்லிமீற்றர் எஞ்சிய பழைய ரயரிலோ 1.4 மில்லிமீற்றரே பயன்படும். புதியது 70 பவுண், பழையது 25 பவுண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றருக்குப் புதியதில் 11 பவுண் கொடுக்கிறோம். பழையதில் 18 பவுண் கொடுக்கிறோம். கடுகு போகும் இடத்தைப் பார்ப்பவர் பூசணிக்காய் போகும் இடத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறார்.

தவாளிப்பு மட்டும் போதாது என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 2012 செப்ரெம்பர் 10 அன்று வைற் தீவின் இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று, சறே மாவட்டத்தில் ஏ-3 வீதியில் முன் ரயர் வெடித்து மரத்தில் மோதியது. சாரதியும் பயணிகள் இருவரும் உயிரிழந்தனர். வெடித்த ரயரின் வயது 19 ஆண்டுகளுக்கும் அதிகம்; அந்த பஸ்ஸைவிட அது பழையது. காற்றும் வெயிலும் வெப்பமும் இறப்பரை உள்ளூர இறுகச் செய்து பிளவுபடுத்துகின்றன. மேற்பரப்போ புதியதுபோல் தோன்றும். மகனை இழந்த பிரான்ஸிஸ் மொலோய் என்ற லிவர்பூல் தாய் பல ஆண்டுகள் போராடியதன் பின்னரே, பத்து ஆண்டுகளைக் கடந்த ரயர்களை லொறி, பஸ் ஆகியவற்றின் முன் அச்சில் பாவிக்கும் தடை 2021 பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே எமது காவல் எம் கையிலேயே உள்ளது. ரயரின் பக்கச்சுவரில் டி-ஓ-ரி என்ற எழுத்துகளின் வரிசையில் இறுதியாக நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றிருந்தால் அது 2016 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது பிறேக். பிரபல நிறுவனங்களின் பெட்டியையும் எழுத்தையும் அப்படியே போலியாக அச்சிட்டு, உள்ளே தரங்குறைந்த பிறேக் பாட்களை அடைத்து விற்கும் வியாபாரம் உலகெங்கும் நடைபெறுகிறது. மெதுவாக ஓடும்போது அவை நல்லவை போலவே இயங்கும். நீண்ட இறக்கத்தில் மீண்டும் மீண்டும் மிதித்துச் சூடேறும்போதுதான் பிடி தளரும். தரம் சோதிக்கப்பட்ட பாட்களில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் இலக்கமும், அதனுடன் 90-ஆர் எனத் தொடங்கும் குறியீடும் இருக்கும். அந்தக் குறியீடும் போலியாக்கப்படலாம் என்பதால், யாரிடம் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். நிறுவனத்தின் முகவரி இல்லாத இணையக் கடையில், வழமையான விலையின் காற்பங்குக்குக் கிடைக்கும் பொருளை ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

"எம்.ஓ.ரி. பரீட்சையில் தேறிவிட்டதே" என்று சிலர் அமைதி கொள்வர். அந்தப் பரீட்சகர் சில்லைக் கழற்றிப் பார்ப்பதில்லை. அவரது சான்றிதழ் அந்த ஒருநாள் நிலையைச் சொல்வதேயன்றி, ஓராண்டுக்கான உத்தரவாதமன்று.

கருவிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. மலிவான சாவி நட்டின் முனையை மழுக்கினால் வேலைதான் கெடும். காரை உயர்த்தும் ஜாக் சரிந்தாலோ கீழே படுத்திருப்பவரின் உயிர் போகும். அமெரிக்காவின் ஹார்பர் பிறெயிற் என்னும் கருவிக் கடை நிறுவனம் 2020 ஆம் ஆண்டில், உயர்த்திய காரைத் தாங்கும் தன் தாங்கிகளை, பல் சரியாகப் பிடிக்காமல் திடீரெனக் கீழிறங்கக்கூடும் என்பதால் மீளப்பெற்றது. மாற்றீடாக விற்ற வகையொன்றிலும் ஒட்டுவேலைக் குறை தெரியவர, அதையும் மீளப்பெற நேர்ந்தது. அறியப்பட்ட நிறுவனமாகையால் மீளப்பெறவாவது முடிந்தது. பெயரில்லாத பொருளை யார் மீளப்பெறுவர்? எதுவாயினும் ஜாக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழே போகலாகாது. பாரத்துக்கேற்ற தாங்கிகளை உறுதியான சமதரையில் வைத்த பின்னரே போக வேண்டும்.

சட்டத்தின் பக்கமும் கவனத்துக்குரியது. தேய்ந்த ரயர் ஒவ்வொன்றுக்கும் 2500 பவுண் வரை தண்டமும் மூன்று புள்ளிகளும் விதிக்க இடமுண்டு. 1995 ஆம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டப்படி, பரீட்சையில் தேறி இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் இரத்தாகும். ஊரில் இருபது ஆண்டுகள் ஓட்டியவரும் இங்கே பரீட்சை எழுதியவராகையால் புதிய சாரதியே. இரண்டு ரயர்களில் அவரது பிழைப்பே போய்விடலாம். நீதிமன்றத் தீர்ப்பானால், குடியுரிமை விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் தெரிவிக்கவும் வேண்டும். வாகனத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கவில்லை என்று காப்புறுதி நிறுவனம் எமது காருக்கான இழப்பீட்டைக் குறைக்கவும் கூடும்.

எமது சமூகத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பாகத்தை வாங்கித் தருபவரும் பூட்டித் தருபவரும் பெரும்பாலும் தெரிந்தவர், ஊரவர், மச்சான் முறையானவர். பற்றுச்சீட்டுக் கேட்பது அவமரியாதை என்று எண்ணிக் காசைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம். பின்னர் பிழை வந்தால் கேட்க வாய் வருவதில்லை. பற்றுச்சீட்டு உறவைக் கெடுப்பதன்று; உறவைக் காப்பது. 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வியாபாரியிடம் பெறலாம். 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளைக் கடன் அட்டையில் வாங்கினால் வங்கியும் பொறுப்பாகும். கராஜ் நடத்தும் எம்மவருக்கும் ஒரு வார்த்தை: வாகனத்தை ஆபத்தானதாக்கும் பாகத்தைப் பொருத்துவதும் விற்பதும் 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமாகும். வாடிக்கையாளர் வற்புறுத்தினார் என்பது நல்ல சமாதானமாகாது.

இவ்வளவும் சொல்வது, கார் நிறுவனத்தின் கடையிலேயே கொள்ளை விலை கொடுங்கள் என்பதற்காக அன்று. கார் நிறுவனங்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளில் பல, அதே தரப் பொருட்களைத் தம் சொந்தப் பெயரில் குறைந்த விலைக்கு விற்கின்றன. நம்பகமான உதிரிப்பாகக் கடையில் அவை கிடைக்கும். கதவுக் கைபிடி, கண்ணாடிக் கூடு, ஆசன உறை, பம்பர் போன்றவற்றைப் பழைய இரும்புக் கடையிலும் வாங்கலாம். அவற்றில் மிச்சம் பிடிப்பது கெட்டித்தனமே. ஆனால் காரை நிறுத்துவது, திருப்புவது, நிலத்தோடு பிடித்து வைத்திருப்பது, மோதலில் எம்மைக் காப்பது ஆகிய நான்கு வேலைகளைச் செய்யும் பாகங்களில் மலிவு தேடலாகாது. இன்று முழுப்பணமும் இல்லையேல், வாகனத்தைச் சில நாட்கள் நிறுத்திவைத்து பஸ்ஸில் போவதே மேல்.

எறிகணைக்கும் கடலுக்கும் தப்பி, எல்லைகள் பல கடந்து இங்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். அவ்வளவு பாடுபட்டுக் காத்த உயிரை, நாற்பது பவுண் மிச்சத்துக்காக ஒரு பெருஞ்சாலையில் பணயம் வைப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது. வரும் சனிக்கிழமை பிள்ளைகளைக் காரில் ஏற்றுவதற்கு முன், நான்கு ரயர்களிலும் உள்ள இலக்கங்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.