'குரோமில் திறந்து பாருங்கள்' என்பது தீர்வு அன்று

பல்கலைக்கழகத் தளமோ உதவித்தொகைத் தளமோ உள்ளே விடவில்லை என்று முறையிடும் ஆய்வாளருக்கு முதலில் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான்: 'குரோமில் திறந்து பாருங்கள்.' பெரும்பாலும் இறுதி மறுமொழியும் அதுவே. சொல்பவர் உதவிவிட்டதாக நினைக்கிறார். கேட்பவர் நன்றி சொல்லிவிட்டு உலாவியை மாற்றிக்கொள்கிறார். பழுது எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டாக வேண்டும் என்பதற்காகவே இப்பதிவு.

இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, வண்டன்மேட்டிலிருந்து எழுதுகிறேன். இவ்வூரை அடுத்த புற்றடியில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் போகிறது. விலையைத் திரை சொல்கிறது. ஆகவே, 'மலைநாட்டார், கணினிப் பழக்கம் இல்லாதவர்' என்ற இரக்கம் இங்கே தேவைப்படாது. மேலும், கேரள அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஐடி அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அதன் தொடர்ச்சியாக உருவான கைட் நிறுவனமும் பள்ளிகளுக்கு வழங்கிவருவது உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ். உபுண்டுவோடு இயல்பாக வரும் உலாவி ஃபயர்பாக்ஸ். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் தமிழ்வழியில் பயிலும் அரசுப் பள்ளிகளும் இக்கொள்கைக்கு உட்பட்டவையே. பொதுப்பணத்தில் ஒன்றைக் கற்பித்துவிட்டு, அதே மாணவர் உயர்கல்விக்கு வந்ததும் 'அந்த உலாவியா? அதில் வேலை செய்யாது' என்கிறோம். எந்தக் கொள்கையின் பெயரால் இதைச் சொல்கிறோம்?

உள்நுழைவு ஏன் தவறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். வலைக்கு இயல்பிலேயே நினைவாற்றல் இல்லை. நாம் ஒவ்வொரு பக்கத்தைக் கோரும்போதும் சேவையகம் நம்மைப் புதியவராகவே காண்கிறது. இக்குறையைப் போக்க, நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய லூ மாண்டுல்லி 1994இல் கொண்டுவந்ததே குக்கீ. கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுப் பக்கமே மீண்டும் மீண்டும் வந்து நின்றால், அந்தக் குக்கீ தங்கவில்லை, அல்லது திரும்பச் சென்று சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

இதைச் சோதித்தறியச் சிறப்புப் பயிற்சி வேண்டியதில்லை. கணினியின் நாளும் நேரமும் சரியா என்று பாருங்கள். அத்தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்துவிட்டு முயலுங்கள். விளம்பரத் தடுப்பு நீட்சிகளை அத்தளத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். வேறொரு தளத்தின் வழியாக உள்நுழைவு நிகழ்கிறதெனில், கண்காணிப்புத் தடுப்பையும் அத்தளத்துக்கு மட்டும் தளர்த்திப் பாருங்கள்; ஃபயர்பாக்ஸ் 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனியே பிரித்து வைக்கிறது.

இவற்றால் பயன் இல்லையெனில் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வோர் உலாவியும் தன் பெயரையும் பதிப்பையும் ஒரு வரியாகச் சேவையகத்துக்கு அறிவிக்கிறது. ஒரு நீட்சியின் துணையோடு அந்த வரியை மட்டும் குரோம் என்று மாற்றி முயலுங்கள். கதவு திறந்துவிட்டால், உங்கள் உலாவிக்குத் திறன் குறைவில்லை என்பது உறுதியாகிவிட்டது. உள்ளே விடலாமா என்பதைத் தளம் பெயரை வைத்தே முடிவுசெய்திருக்கிறது. இனி இதைப் பயனரின் சிக்கல் என்று அழைப்பது நேர்மையாகாது.

இது அரிதாக நிகழ்வதும் அன்று. குரோமின் அதே இயந்திரத்தின் மீது கட்டப்பட்ட விவால்டி உலாவி, பெயர் வேறு என்பதற்காகவே தளங்கள் தன்னை மறுத்ததால், 2019 டிசம்பரில் தன் பெயரை மறைத்துக்கொண்டு குரோம் என்றே அறிவிக்கத் தொடங்கியது. 2025இன் தொடக்கத்தில், வருபவர் மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கிளவுட்ஃபிளேரின் வாயில், பேல் மூன் போன்ற சிறு உலாவிகளைப் பயன்படுத்தியோரை வெளியிலேயே நிறுத்தியது.

'பாதுகாப்புக்காகத்தான் இக்கட்டுப்பாடு' என்பர் சிலர். பெயர் வரி என்பது உலாவி தானே எழுதிக்கொடுப்பது. யாரும் எதையும் எழுதலாம். தீய நோக்கத்தோடு வருபவர் அதை நொடியில் மாற்றிவிடுவார். மாற்றத் தெரியாத மாணவர் மட்டுமே வெளியே நிற்பார்.

'நூற்றில் இரண்டு மூன்று பேருக்காகச் செலவு செய்ய முடியுமா?' என்பர் வேறு சிலர். பொதுவான வலைத்தரங்களின்படி எழுதப்பட்ட தளத்துக்கு ஒவ்வோர் உலாவிக்கும் தனித்தனியே செலவு செய்ய வேண்டியதில்லை. அந்த எண்ணிக்கை சிறுத்துப்போனதற்கு மூடிய கதவுகளும் ஒரு காரணம். ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, 'வருவோர் குறைவு' என்று கணக்குக் காட்டுவது வாதமாகாது.

ஒற்றை உலாவியை நம்பிய ஒரு நாட்டின் கதையும் நம்முன் இருக்கிறது. தென்கொரியா 1999இல் சீட் என்ற சொந்த மறையாக்க முறையை உருவாக்கியது. அதை உலாவிக்குள் கொண்டுவர ஆக்டிவ்எக்ஸ் செருகுநிரல்களை நம்பியது. அவையோ இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கின. வங்கிச் சேவையும் இணையக் கொள்முதலும் அந்த ஓர் உலாவியோடு கட்டுண்டு கிடந்தன. அரசு ஏற்ற மின்சான்றிதழுக்கு இருந்த தனிச்சிறப்பு நிலையை நீக்க 2020 டிசம்பர் வரை ஆயிற்று. 2022 ஜூன் 15இல் அவ்வுலாவிக்கான ஆதரவையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. இன்று குரோம் நிலையானது என்று எண்ணுவோர் அன்று எக்ஸ்புளோரரைப் பற்றியும் அவ்வாறே எண்ணினர்.

நம் நாட்டில் விதிக்கும் குறைவில்லை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வெளியாகி, 2023இல் மூன்றாம் பதிப்பைக் கண்டன. தளங்களைப் பல உலாவிகளில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கென 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆய்விதழ்களை வாங்க இவ்வளவு பொதுப்பணம் செலவாகும் நாட்டில், வளாகத்துக்கு வெளியே இருக்கும் ஆய்வாளருக்கும் அவ்விதழுக்கும் நடுவே மிஞ்சுவது ஓர் உள்நுழைவுப் பக்கம். அது மறுத்தால் சந்தா செலுத்தியும் பயனில்லை. இம்மலையில் அதன் பொருள், கட்டப்பனைக்குப் பேருந்தேறி வேறொருவர் கணினியில் தம் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே பல்கலைக்கழகங்களிடம் கோர வேண்டியவை மூன்று. தளம் கட்டும் ஒப்பந்தத்திலேயே குறைந்தது இரண்டு வேறுபட்ட உலாவி இயந்திரங்களில் உள்நுழைவைச் சோதித்துக் காட்டும் நிபந்தனை வேண்டும். பெயரைக் கண்டு மறுக்கும் நிரல்வரிகளை நீக்க வேண்டும். பழுதைத் தெரிவிக்க, உள்நுழையாமலேயே அணுகக்கூடிய வழி ஒன்று வேண்டும்.

நெறியாளர்களிடமும் சக ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அவசரத்துக்கு உலாவியை மாற்றிக்கொள்வதில் தவறில்லை. கடைசி நாளன்று கொள்கை பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் வேலை முடிந்ததும் உலாவியின் பெயர், பதிப்பு, திரையில் கண்ட பிழைச்செய்தி, செய்துபார்த்த சோதனைகள் ஆகியவற்றை எழுதித் தளப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். எழுத்தில் வராத பழுது எந்த அலுவலகத்திலும் பழுதாகக் கணக்கில் ஏறுவதில்லை.